ஓரடியில் கலைந்த காய்கள்

ஈகைத் திருநாளின் மாலைப் பொழுது. அடையாற்றில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் கேரம் பலகையை வைத்துப் பிள்ளைகள் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். பெரியவர்கள் பிரியாணி உண்ட அயர்வில் ஆங்காங்கே சாய்ந்திருந்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கை மகள், சிவப்புக் காயை நடுவில் வைத்து, அதனைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பதினெட்டுக் காய்களை ஒரு மலரைப்போல் அடுக்கினாள். அடுக்கி முடிக்க அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவளுடைய தம்பி ஸ்ட்ரைக்கரை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் மலர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. காய்கள் நாற்புறமும் தெறித்துக் கிடந்தன.

கேரம் நம் சென்னைக்கு மிகவும் உரிய விளையாட்டு. 1991லும் 1995லும் உலக வெற்றி வீரராக விளங்கிய மரிய இருதயம் இந்த நகரத்தவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பிய காசிமா, வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். அந்தச் செய்தி வந்த நாள்முதல் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பலகையில் முதலிடம் கிடைத்துவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும்.

சிதறிய காய்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த தங்கை மகள் என்னிடம் திரும்பினாள். "மாமா, ஓரடியில் எல்லாம் கலைந்துவிட்டனவே, அதேபோல் ஓரடியில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்க முடியாதா?"

"முடியாதம்மா" என்றேன்.

"ஏன்? எந்த விதி தடுக்கிறது?"

கல்லூரியில் இயற்பியல் படித்தவன் நான். விடையளிக்க வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன். ஏனெனில், தடுக்கும் விதி எதுவும் இல்லை! விதி தடுக்காத ஒன்று ஏன் ஒருபோதும் நடப்பதில்லை? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வியன்னா நகரத்து அறிஞர்களை உறங்கவிடாமல் செய்த வினா இது. இதன் ஒரு கிளையை நம் மயிலாப்பூரில் வளர்ந்த ஓர் இளைஞர் எடுத்துச் சென்று, விண்மீன்கள்வரை கொண்டுபோய் விட்டார். சிறுமிக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு மோதலை எடுத்துக்கொள்வோம். போட்டிகளில் பயன்படும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது; காயின் எடை 5 முதல் 5.5 கிராம். ஆகவே ஸ்ட்ரைக்கர் ஏறத்தாழ மூன்று காய்களின் எடை உடையது. அது ஓய்ந்திருக்கும் ஒரு காயை நேருக்கு நேராக மோதுகிறது எனக் கொள்வோம். ஓசைக்கும் சூட்டுக்கும் போகும் சிறு பங்கை மறந்துவிட்டால், கணக்கு மிக எளிது. ஸ்ட்ரைக்கரின் வேகம் பாதியாகக் குறையும். காயோ, ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். இயக்க ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு காய்க்குப் போய்விட்டது; ஒரு பங்கு மட்டுமே அடித்தவரிடம் மிஞ்சியது. ஒரு காய் அதே எடையுள்ள இன்னொரு காயை நேராக மோதினால், முன்னது அங்கேயே நின்றுவிடும். அதன் ஆற்றல் முழுவதையும் பின்னது எடுத்துக்கொண்டு ஓடும். சற்று ஒதுங்கி ஓரத்தில் மோதினால் பங்கு வேறுபடும்; திசையும் வேறுபடும்.

இந்த ஒற்றை மோதலைப் படம் பிடித்து, பின்னோக்கி ஓட்டிக் காட்டினால், எது முன், எது பின் என்று எவராலும் சொல்ல முடியாது. பின்னோக்கி ஓடும் படமும் இயற்கை விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டதே. ஆனால் தம்பி அடித்த அந்த முதல் அடியைப் படம் பிடித்து, பின்னோக்கி ஓட்டினால்? நாலாபுறமும் இருந்து காய்கள் ஓடிவந்து மலராய் ஒன்றுகூடும். பார்க்கும் குழந்தைகூடச் சிரித்துவிடும். ஒவ்வொரு மோதலும் இருபுறமும் செல்லக்கூடியது. மோதல்களின் கூட்டமோ ஒரே பக்கம்தான் செல்கிறது.

இதன் இரகசியம் எண்ணிக்கையில் இருக்கிறது. சிவப்பை ஒதுக்கிவிட்டுப் பதினெட்டுக் காய்களை மட்டும் கருதுவோம். உராய்வே இல்லாத ஒரு கற்பனைப் பலகை. காய்கள் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. மொத்த ஆற்றலைப் பதினெட்டுச் சம துண்டுகளாக வெட்டி, அவற்றைக் காய்களிடையே எத்தனை வகையாகப் பகிர்ந்தளிக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக் கணிதமே போதும். விடை 453 கோடியே 75 லட்சத்து 67 ஆயிரத்து 650! இத்தனை வகைகளில், ஆற்றல் முழுவதும் ஏதேனும் ஒரே காயிடம் குவிந்திருக்கும் வகைகள் வெறும் பதினெட்டு. மோதல்கள் நிகழ நிகழக் காய்க் கூட்டம் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. அது தொடங்கியது அந்தப் பதினெட்டில் ஒன்றில். அடுத்த தாவலில் எங்கே போகும்? 453 கோடிக் கடலுக்குள் போய்விடும். திரும்பி வரத் தடையேதும் இல்லை. வழி தவறிய குழந்தை திருவிழாக் கூட்டத்தில் தானாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவதைப்போல, வரலாம், வராது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஆற்றல் பகிரப்படுகிறது' என்றால் ஆளுக்கு ஒரு துண்டு என்று சமமாகப் போய்ச் சேரும் என நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு காய்க்கும் சரியாக ஒரு துண்டு என்பதும் அந்த 453 கோடியில் ஒரே ஒரு வகைதான்! மோதல்கள் தாமாக உண்டாக்கும் நிலையில் பலரிடம் சிறிதும், சிலரிடம் நிறையவும், எவரோ ஒருவரிடம் மிக நிறையவும் இருக்கும். அடுத்த நொடியில் அது கைமாறிவிடும். இன்று செல்வர் நாளை வறியவர். நீண்ட கால சராசரியில்தான் அனைவருக்கும் ஒரே பங்கு. இந்த ஏற்றத்தாழ்வின் வடிவத்தை வாயுக்களுக்குக் கணித்துத் தந்தவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஆண்டு 1860.

நம் பலகையில் உராய்வு உண்டு. காய்கள் சிறிது நேரத்தில் நின்றுவிடுகின்றன. அப்போது ஆற்றல் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. பலகையின் மர மூலக்கூறுகளும் சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகளும் அதனைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. பத்தொன்பது காய்களிடம் இருந்தது, எண்ணிலடங்காத துகள்களிடம் போய்விட்டது. அப்படிப் போனதைத்தான் நாம் சூடு என்கிறோம்.

காய்களைக் கண்ணால் பார்க்கிறோம். மூலக்கூறுகளை எப்படி அறிவது? அதற்கு மூக்கு இருக்கிறது.

திருநாளுக்கென்று திருவல்லிக்கேணியில் வாங்கிவந்த அத்தர்க் குப்பி ஒன்றைக் கூடத்தின் ஒரு மூலையில் யாரேனும் திறந்தால், மறு மூலையில் இருப்பவருக்கு மணம் எட்டச் சிறிது நேரம் ஆகிறது அல்லவா? இது ஒரு பெரிய விவாதத்தையே கிளப்பிய உண்மை. காற்றின் மூலக்கூறுகள் விநாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் 1857இல் எழுதினார். சென்னையின் சூட்டில் நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் ஏறத்தாழ 500 மீட்டர். அந்த வேகத்தில் நேராகச் சென்றால் அடையாற்றிலிருந்து தியாகராய நகருக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் போய்விடலாம்! மறு ஆண்டே ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் கேட்டார்: அப்படியானால் ஓர் அறையின் மூலையில் எழும் மணம் மறு மூலைக்கு நொடியில் வந்துவிட வேண்டுமே, ஏன் வருவதில்லை?

நியாயமான கேள்வி. கிளாசியஸ் அதற்கு அளித்த பதிலும் நயமானது. மூலக்கூறு நேராகச் செல்வதே இல்லை. ஒரு மில்லிமீட்டரைப் பதினைந்தாயிரமாக வகுத்தால் வரும் தூரம் செல்வதற்குள் இன்னொன்றின்மீது மோதித் திசை மாறிவிடுகிறது. ஒரு விநாடிக்கு இப்படி ஏறத்தாழ 700 கோடி மோதல்கள். பெருநாள் வாரத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்தவர்கள் இதனை உடனே புரிந்துகொள்வர். கால்கள் ஓயவில்லை, ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகும் அதே பாத்திரக் கடை வாசலில்தான் நிற்கிறோம். மனிதருக்காவது போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று உண்டு. மூலக்கூறுக்கு அதுவும் இல்லை. (உண்மையில் அத்தர் மணம் நம்மை எட்டுவதில் மின்விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் பெரும் பங்குண்டு. காற்று அசையாத அறையில் இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.)

இந்த மோதல்களில் எடை மிகுந்ததும் எடை குறைந்ததும் கலந்திருந்தால் என்ன நடக்கும்? சராசரியில் இரண்டும் ஒரே அளவு இயக்க ஆற்றலைப் பெறுகின்றன. ஆற்றல் சமம் என்றால் வேகம் சமமாக இராது. எடை குறைந்தது விரைந்து ஓடியாக வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல் பதினாறு மடங்கு எடை உடையது. ஆகவே ஒரே வெப்பநிலையில் ஹைட்ரஜனின் வேகம் நான்கு மடங்கு. காற்று மண்டலத்தின் உச்சியில் இவ்வாறு விரையும் எடை குறைந்த மூலக்கூறுகளில் சில, பூமியின் ஈர்ப்பையே விட்டு ஓடிவிடுகின்றன. நம் காற்றில் ஹைட்ரஜன் இல்லாத குறைக்கு இதுவும் ஒரு காரணம். எடை குறைந்தது ஓடும், எடை மிகுந்தது தங்கும் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விண்மீன்களிடம் போகும்போது தேவைப்படும்.

இனித் தங்கை மகளின் கேள்வி. 1872இல் வியன்னாவின் லுட்விக் போல்ட்ஸ்மன், மோதிக்கொள்ளும் வாயுத் துகள்கள் எந்த நிலையில் தொடங்கினாலும் மாக்ஸ்வெல் சொன்ன பரவலை நோக்கியே செல்லும், திரும்பி வாரா என்று கணித முறையில் காட்டினார். அவருடைய நண்பரும் மூத்தவருமான லோஷ்மிட், 1876இல் ஒரு தடை எழுப்பினார். ஒரு குறிப்பிட்ட நொடியில் எல்லாத் துகள்களின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால், அவை வந்த வழியே திரும்பிச் சென்று பழைய ஒழுங்கை அடைந்தாக வேண்டுமே! எந்த விதியும் அதைத் தடுக்கவில்லையே! எங்கள் வீட்டுச் சிறுமி கேட்டதும் இதுதான்.

லோஷ்மிட் சொன்னது சரி என்பதைப் போல்ட்ஸ்மன் ஏற்றார். ஏற்றுக்கொண்டே, தம் கூற்றின் பொருளை ஆழப்படுத்தினார். திரும்புவது இயலாதது அல்ல. நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு அரிது. பதினெட்டுக் காய்களுக்கே 453 கோடி வகைகள் என்றால், ஒரு தேக்கரண்டிக் காற்றில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 12க்குப் பின் 19 சுழிகள் இட வேண்டும். அவற்றின் வகைகளை எழுதத் தாள் போதாது. மேலும், துகள்களைத் திருப்பிவிடும்போது இம்மியும் பிசகக் கூடாது. ஒரு காய் மயிரிழை தள்ளி மோதினால் அடுத்த மோதலில் அந்தப் பிசகு பெருகும். அதற்கடுத்ததில் இன்னும் பெருகும். உலக வெற்றி வீரர்களாலும் ஒரே முதல் அடியை இருமுறை அடிக்க முடியாததன் காரணம் இதுவே. கிளாசியஸ் 1865இல் 'என்ட்ரோபி' என்று பெயரிட்ட அளவு, இப்படிப்பட்ட வகைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அளவே ஆகும் என்பது போல்ட்ஸ்மனின் கண்டுபிடிப்பு. தமிழில் அதனை ஒழுங்கின்மை என்கிறோம். 1906இல் மறைந்த அவருடைய கல்லறையின்மீது இந்தச் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

இனி மயிலாப்பூருக்கு வருவோம்.

இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் வீதி, அன்று எட்வர்ட் எலியட்ஸ் சாலை. அங்கே 'சந்திர விலாஸ்' என்ற இல்லத்தில் வளர்ந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தை ரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். லாகூரில் 1910இல் பிறந்த சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925இல் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜெர்மனியின் பேரறிஞர் அர்னால்டு சோமர்ஃபெல்ட் எழுதிய அணு அமைப்பு நூலைத் தாமாகவே படித்து முடித்திருந்தார். அந்தச் சோமர்ஃபெல்டே 1928இல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். பதினெட்டு வயதுகூட நிரம்பியிராத மாணவர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார்.

அந்தச் சந்திப்பு மாணவருக்குப் பேரிடியாக முடிந்தது. நீ படித்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் எல்லாமே மாறிவிட்டன என்று சோமர்ஃபெல்ட் எடுத்துரைத்தார். ஊரில் எவரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானே முயன்று கற்று, பெருமிதத்தோடு போய் நிற்கும் பிள்ளையிடம் இப்படிச் சொன்னால் அவன் மனம் என்ன பாடுபடும்! எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவர். வாடிய முகத்தைக் கண்ட சோமர்ஃபெல்ட், அப்போது அச்சில் இருந்த தம் கட்டுரையொன்றின் படியை மாணவர் கையில் கொடுத்தார். அதன் பொருள், உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் ஆற்றலை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்பதே.

அது அக்காலத்தின் பெரும் புதிர். செம்புப் பாத்திரம் ஒன்றைச் சூடேற்றுகிறோம். அதிலுள்ள அணுக்கள் ஆற்றலில் தம் பங்கைப் பெறுகின்றன. உலோகத்துக்குள் கட்டற்று அலையும் எலெக்ட்ரான்களும் மாக்ஸ்வெல் கணக்கின்படி தம் பங்கைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், செம்பைச் சூடேற்ற இப்போது தேவைப்படுவதைப்போல் ஒன்றரை மடங்கு வெப்பம் தேவைப்படும். சோதனையில் அப்படி இல்லை. எலெக்ட்ரான்கள் பங்கு கேட்க ஏன் வருவதில்லை?

விடையை ஒரு மாநகரப் பேருந்தைக் கொண்டு விளக்கலாம். காலை ஒன்பது மணிக்கு அடையாற்றிலிருந்து புறப்படும் பேருந்து. இருக்கைகள் அனைத்தும் நிரம்பியுள்ளன. நடுவில் நெருக்கி நிற்பவர் ஓரங்குலம் நகரவும் இடமில்லை. ஓட்டுநர் எத்தனை குலுக்கல் குலுக்கினாலும், படிக்கட்டில் நிற்கும் நான்கைந்து பேர்தாம் அசைய முடியும். எலெக்ட்ரான்களின் உலகிலும் ஓர் இருக்கைக்கு ஓர் எலெக்ட்ரான் என்பதே சட்டம். 1926இல் ஃபெர்மியும் டிராக்கும் கண்ட புதிய புள்ளியியல் இதுவே. கீழ் வரிசையில் இருப்பது மோதலில் சிறிது ஆற்றல் பெற்று மேல் இருக்கைக்குப் போகலாம் என்றால், அந்த இருக்கை நிரம்பியிருக்கிறது. படிக்கட்டில் நிற்பவை, அதாவது நூற்றில் ஒன்று என்ற அளவிலான எலெக்ட்ரான்களே பங்கு பெற முடிகிறது. மோதினால் பகிர்வு நிகழும் என்ற விதிக்கு, 'போய்ச் சேர இடம் இருந்தால்' என்ற நிபந்தனை ஒன்று சேர்ந்தது.

மாணவர் அந்தப் படியை எடுத்துச் சென்று படித்தார், அத்துடன் நிற்கவில்லை. ஒளி ஓர் எலெக்ட்ரான்மீது மோதித் தன் ஆற்றலில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டுச் சிதறும் நிகழ்வைக் காம்ப்டன் விளைவு என்பர். மோதப்படும் எலெக்ட்ரான்கள் புதிய புள்ளியியலின்படி அமைந்திருந்தால் அந்தச் சிதறல் எப்படி மாறும் என்று கணக்கிட்டு, ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜின் ஃபவுலர் வழியாக அது லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் 1929இல் வெளியாயிற்று. 'நீ கற்றது பழையது' என்று கேட்டு வாடிய மாணவரின் முதல் பெரும் கட்டுரை, அந்தப் புதியதைப் பற்றியே அமைந்தது.

மறு ஆண்டு, 1930 ஜூலை இறுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடற்பயணத்தின்போதே, எரிந்து ஓய்ந்த விண்மீன் ஒன்றை அதனுள் நெருங்கிக் கிடக்கும் எலெக்ட்ரான்கள் எவ்வளவு எடைவரை தாங்கும் என்ற கணக்கைப் போடத் தொடங்கினார். சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று இன்று உலகம் அறிந்திருக்கும் எல்லை அதிலிருந்து பிறந்தது. 1935இல் எடிங்டன் அதனை அவையில் வைத்து எள்ளி நகையாடியதும், 1983இல் நோபல் பரிசு வந்ததும் பலரும் எழுதிய கதை. நான் சொல்ல வந்தது, அவ்வளவாக எவரும் எழுதாத இன்னொரு கணக்கு.

அமெரிக்காவுக்குச் சென்று யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சந்திரசேகர், விண்மீன் கூட்டங்களையே ஒரு வாயுவாகக் கருதினார். கேரம் காய்களுக்குப் பதில் சூரியன்கள்! சூரியன்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடைவெளி மிகப் பெரிது. ஆயினும் ஒன்றன் அருகே ஒன்று கடந்து செல்லும்போது ஈர்ப்பினால் இழுத்துத் திசை திருப்புகின்றன. ஆற்றலைக் கொடுத்து வாங்குகின்றன. தொடாத மோதல் எனலாம். இவ்வகை மோதல்களால் ஒரு கூட்டம் கலைந்து, தன் தொடக்க நிலையை மறக்க எவ்வளவு காலம் ஆகும் என்று 1942இல் வெளியான தம் நூலில் கணக்கிட்டார். நம் சூரியனின் சுற்றுப்புறத்தில் அதற்கு லட்சம் கோடிக் கணக்கான ஆண்டுகள் தேவை. பேரண்டத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தாம். காற்றில் ஒரு நொடிக்குள் நடந்து முடிவது, நம் பால்வீதியில் இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை! நெருங்கி அமைந்த சிறு கூட்டங்களிலோ கதை வேறு. அங்கே அது நடந்துகொண்டிருக்கிறது.

1943இல் அவர் இன்னொன்றைக் கண்டார். எடை மிகுந்த விண்மீன் ஒன்று மற்றவற்றின் நடுவே ஊடுருவிச் செல்லும்போது, தன் ஈர்ப்பினால் அவற்றைத் தன் பின்புறத்தில் திரளச் செய்கிறது. அந்தத் திரள் அதனைப் பின்னுக்கு இழுக்கிறது. எதனையும் உரசாமலே உராய்வு! 'இயக்க உராய்வு' என்று பெயரிட்டார். ஸ்ட்ரைக்கர் தன் ஆற்றலைக் காய்களிடம் இழப்பதுபோல, எடை மிகுந்த விண்மீன் எடை குறைந்தவற்றிடம் இழந்து, கூட்டத்தின் நடுவை நோக்கி அமிழ்கிறது. எடை குறைந்தவை வேகம் பெற்று ஓரத்துக்குப் போகின்றன. சில, கூட்டத்தை விட்டே வெளியேறுகின்றன. ஹைட்ரஜன் பூமியை விட்டு ஓடிய அதே கதை!

இதனை வாசகர்கள் வானத்திலேயே பார்க்கலாம். மார்கழி, தை இரவுகளில் தலைக்கு மேலே சிறு திராட்சைக் குலைபோல் மின்னும் மீன் கூட்டத்தைத் தமிழர் கார்த்திகை என்றனர். அறபு மொழியில் அதன் பெயர் சுரையா. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாம் இடும் அதே பெயர்தான். வெறுங்கண்ணுக்கு ஆறேழு மீன்களாகத் தோன்றும் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவு. அதனை அளந்து பார்த்த வானியலார், எடை மிகுந்தவை நடுவிலும் எடை குறைந்தவை ஓரங்களிலும் மிகுந்திருப்பதைக் கண்டுள்ளனர். வயது பத்துக் கோடி ஆண்டுகள் இருக்கலாம். இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் சுரையா என்ற கூட்டம் இராது. அதன் விண்மீன்கள் பால்வீதியெங்கும் தனித்தனியே அலைந்துகொண்டிருக்கும்.

சந்திரசேகர் 1995இல் சிகாகோவில் மறைந்தார். ஆயினும் அவர் சார்ந்த இந்தக் கல்வி நம் நகரத்தை விட்டுப் போய்விடவில்லை. மயிலாப்பூர் லஸ்ஸில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தம் இல்லத்தில் அல்லாடி ராமகிருஷ்ணன் மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்குகள் நடத்தினார். விண்ணிலிருந்து பாயும் கதிர்த்துகள் ஒன்று காற்றில் மோதி, தன் ஆற்றலைத் துகள் மழையாகப் பகிர்ந்தளிக்கும் நிகழ்வின் கணிதமே அவருடைய துறை. 1960இல் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்து மாணவர்களைச் சந்தித்தார். அதிலிருந்து 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. மாநிலக் கல்லூரியில் நடந்த அதன் தொடக்க விழாவில் சந்திரசேகரும் கலந்துகொண்டார். அடையாற்றை அடுத்த தரமணியில் இன்று அந்நிறுவனம் இயங்குகிறது. தங்கை வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்.

அன்று மாலை இத்தனையும் நான் சொல்லவில்லை. பதினெட்டு என்ற எண்ணையும் 453 கோடியையும் மட்டும் சொன்னேன். சிறுமி சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நான் கையால் அடுக்கினேனே, அது எப்படி முடிந்தது?" என்று கேட்டாள்.

அதற்கு நீ உண்ட பிரியாணி செலவாயிற்று என்றேன். காய்களில் ஒழுங்கு ஏற்பட்டது. உன் உடலில் எரிந்த உணவின் சூடு அறைக் காற்றில் போய்க் கலந்து, அதைவிட அதிகமாக அங்கே ஒழுங்கின்மையை உண்டாக்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியும் அப்படியே. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து, தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. தியாகராய நகரின் குறுகிய சந்துகளில் கோடையில் நடந்து பாருங்கள். இரு மருங்கும் மாடிக்கு மாடி தொங்கும் ஏசி இயந்திரங்கள் நம் தலைமேல் ஊதுவது அந்தச் சூட்டைத்தான். உள்ளே இருப்பவர் குளிர்கிறார்; தெருவில் தள்ளுவண்டி வைத்திருப்பவர் இருவர் பங்கையும் தாங்குகிறார்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து பால்கனிக்குப் போய், அவர்கள் வீட்டு ஏசியின் வெளி இயந்திரத்தின் முன் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு, அது ஊதும் திசையில் இரண்டடி தள்ளியிருந்த பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். மாலை வெப்பத்திலும் அந்தச் சன்னல் இறுக மூடியிருந்தது.

"மாமா, இவர்கள் ஏன் சன்னலைத் திறப்பதே இல்லை என்று உம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்கள்" என்றாள்.

உள்ளே தம்பி காய்களை அடுக்கத் தொடங்கியிருந்தான். சிவப்பை நடுவில் வைக்க மறந்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து அடுக்கினான்.